உடற்குறையுடன் பிறந்த கினிப்பன்றிக் குட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கினிப்பன்றிக் குட்டிகள் பிறக்கும்போதே திறந்த கண்களும் முழு முடியும் பற்களும் கொண்டிருப்பதால், அவற்றில் ஒன்று மட்டும் தூய வெள்ளையாக, கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு பிளவோடு பிறந்தால் வீட்டார் பதறிப் போகிறார்கள். ரோன் (நிற முடிகளோடு வெள்ளை முடிகள் கலந்தது) அல்லது டால்மேஷன் (வெள்ளை உடலில் நிறப் புள்ளிகள் கொண்டது) நிறமுள்ள இரண்டு கினிப்பன்றிகள் இணை சேர்ந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் இப்படி அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இவற்றை லீத்தல் ஒயிட், அதாவது உயிர்க்கொல்லி வெள்ளை, என்பார்கள். பெரும்பாலானவற்றுக்குப் பார்வையோ கேட்கும் திறனோ இருப்பதில்லை.

பதற்றத்தில் நேரும் முதல் தவறு, குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது. முதல் சில நாட்களில் தாய் பின்புறத்தை நக்கித் தூண்டினால்தான் குட்டி ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கும். தாய்க்கு இருப்பவை இரண்டே முலைக்காம்புகள் என்பதால், வலிய குட்டிகளைச் சற்று நேரம் அப்பால் வைத்து இதைப் பால் குடிக்க விடுவதே முறை. அதை விடுத்து, குட்டியை மல்லாத்திப் பிடித்துச் சிரிஞ்சால் பசும்பாலைப் பீய்ச்சினால், பால் நுரையீரலுக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கண்ணையே பார்த்துக்கொண்டு வாயைக் கவனிக்காமல் விடுவதுதான். பார்வையற்ற குட்டி மோப்பத்தாலும் மீசையாலும் வழி கண்டுகொள்ளும். கூண்டிலுள்ள பொருட்களை இடம் மாற்றாதிருந்தால் போதும். ஆனால் லீத்தல் ஒயிட் குட்டிகளுக்குப் பற்களும் கோணலாகவோ குறைவாகவோ அமைவதுண்டு. கினிப்பன்றியின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன. மேலும் கீழும் சரியாகப் பொருந்தி உராயாவிட்டால், கீழ்க் கடைவாய்ப்பற்கள் நாக்கின் மேல் வளைந்து அதை அழுத்திவிடும். தாய்ப்பால் கிடைக்கும்வரை எடை கூடிவருவதால் இக்குறை வெளியே தெரியாமல், ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் பால் நிற்கும்போதுதான் வெளிப்படக்கூடும். ஆகவே பிறந்த நாள் முதல் சமையலறைத் தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். முகவாய் ஈரமாக இருந்தாலோ, உலர்புல்லைக் கவ்விவிட்டு மெல்லாமல் கீழே போட்டாலோ, அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நகவெட்டியால் நாமே பல்லை வெட்டினால் அது பிளந்துவிடும். கடைவாய்ப்பற்களோ நம் கைக்கு எட்டுவதேயில்லை.

மருத்துவரும் சிறு பிராணிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகியவராக இருக்க வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் தரும் அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழியே கொடுத்தால், கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போய்விடலாம்.

முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று என்ற கணக்குக்கு மேல் ஒரு விரல் கூடுதலாக இருந்தால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. நூல் கட்டி அதை அறுக்க முயல்வதுதான் தீங்கு.

தந்தையை அதே கூண்டில் விட்டுவைப்பது பலரும் பின்னரே உணரும் தவறு. ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருவுறக்கூடும் என்பதால், இதே இணைக்கு இன்னொரு லீத்தல் ஒயிட் பிறக்க வழியாகிறது. ஆணைப் பிரசவத்துக்கு முன்பே பிரித்துவிட வேண்டும். உடன்பிறந்த குட்டிகளையும் இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். வெள்ளை முடிகள் மிகச் சிலவே கலந்து, பார்வைக்கு ஒரே நிறமாகத் தோன்றும் குட்டிகூட ரோனாக இருக்கலாம்.