ஓட்டுப் போடச் சொல்லும்போது எதைப் பேசலாம், எதை விடலாம்

தேர்தல் நெருங்கினால் கதவு தட்டிப் பேசப் போகிற ஆள் நான். எந்தக் கட்சிக்காகவும் இல்லை. "போய்ப் போட்டுட்டு வந்துடுங்க" என்பதோடு என் வேலை முடிந்தது. என்னோடு புதிதாகச் சேருகிறவர்கள் ஜனநாயகக் கடமை பற்றி ஒரு சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டு வருவார்கள். அதை மூட்டை கட்டி வைக்கச் சொல்வேன். வீட்டுக்காரர் என்ன காரணம் சொல்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். காரணத்துக்கு ஏற்றபடிதான் பேச்சு.

அடிக்கடி காதில் விழுவது, "என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது?" நம் ஆட்கள் உடனே காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி கதையை எடுப்பார்கள். 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் அவர் 62,215 ஓட்டு வாங்கியும் ஒரே ஓட்டில் தோற்றார். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத் தொகுதி ஒன்றில் 2017 தேர்தலில் இரண்டு பேருக்கும் 11,608 ஓட்டு விழுந்து, கடைசியில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். இரண்டும் நிஜம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசிக்கிறவர், "இப்படி எத்தனை தேர்தல்ல நடந்திருக்கு?" என்று திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகமிகக் குறைவு என்பதை அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1957-லேயே விளக்கமாக எழுதிவிட்டார்.

அதனால் நான் ஒத்துக்கொண்டுவிடுவேன். "ஆமாங்க, உங்க ஓட்டு மட்டும் ஆட்சியை மாத்தாது." அவர் முகத்தில் ஒரு ஆச்சரியம் தெரியும். அதற்குப் பிறகுதான் நிஜமான பேச்சு ஆரம்பம். தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள் பூத் வாரியாகக் கணக்கை விரித்து வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். உங்கள் பூத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது ரகசியமில்லை. ஓட்டே விழாத பக்கத்துக் கோரிக்கையை அடுத்த தடவை யார் மெனக்கெட்டுக் கேட்பார்கள்? இளைஞர்களிடம் இது நன்றாகவே எடுபடுகிறது.

"எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டை" என்பவரிடம் எந்த வேட்பாளருக்காகவும் வாதாட வேண்டாம். "யார் வரவே கூடாதுன்னு நினைக்கிறீங்க? பேரைச் சொல்ல வேண்டாம், மனசுல வெச்சுக்கங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அநேகமாக எல்லாருக்கும் அப்படி ஒருவர் இருப்பார். இந்தியாவில் 2013 முதல், 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்று பதிவு செய்கிற நோட்டா இருக்கிறது, அதையும் சொல்லலாம். ஆனால் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அதற்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் ஜெயித்தவர். இதை மறைத்து, "எல்லாரையும் விரட்டிடலாம்" என்று ஆசை காட்டுவது எனக்குப் பிடிக்காது.

"ஓட்டுப் போடாதவனுக்குக் குறை சொல்ல உரிமை இல்லை" என்ற வசனம் வேண்டவே வேண்டாம். அது உண்மையுமில்லை, வரி கட்டுகிற, சட்டத்துக்குக் கட்டுப்படுகிற யாரும் குறை சொல்லலாம். "பாதிப் பேர் போடறதே இல்ல, வெட்கக்கேடு" என்று புலம்புவதும் கூடாது. போடாமல் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். "நிறையப் பேர் வரப்போறாங்க" என்பது மேல்.

வெட்கப்பட வைத்தால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் மிச்சிகனில் 2006-ல், யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்ற விவரத்தை அக்கம்பக்கத்தார் பெயரோடு கடிதமாக அனுப்பிப் பார்த்தார்கள். வாக்குப்பதிவு சுமார் 8 சதவீதப் புள்ளி கூடியது. ஆனாலும் நான் அதைச் செய்ய மாட்டேன். அப்படி மிரட்டிவிட்டு அடுத்த தேர்தலுக்கு அதே கதவை எந்த முகத்தோடு தட்டுவது? ஆஸ்திரேலியா 1924-ல் கட்டாய வாக்களிப்புச் சட்டமே போட்டது. 60 சதவீதத்துக்கும் கீழே கிடந்த வாக்குப்பதிவு அடுத்த தேர்தலில் 91-ஐத் தாண்டியது. அது அரசாங்கத்தின் கையில் இருக்கிற வேலை. நம்மிடம் வாய் மட்டும்தான்.

உண்மையில், "போடணும்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போகாமல் இருப்பவர்களே அதிகம். அவர்களுக்கு வாதமே தேவையில்லை. மூன்று கேள்வி போதும்: எத்தனை மணிக்குப் போவீங்க, எங்கிருந்து கிளம்புவீங்க, எதுல போவீங்க? அமெரிக்காவில் 2008-ல் பென்சில்வேனியாவில் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தேர்தலின்போது, இதே கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டுச் சோதித்தார்கள். ஓட்டுரிமை உள்ளவர் ஒருவர் மட்டுமே இருக்கும் வீடுகளில் நல்ல பலன். பலர் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் ஏற்கெனவே, "காலையிலயே போயிட்டு வந்துடலாம்" என்று சொல்லியிருப்பார் போல. ஆகவே தனியாக இருப்பவரிடம் கூடுதல் நேரம் நில்லுங்கள். "ஒன்பது மணிக்கு" என்று அவர் வாயாலேயே வரவேண்டும். நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

இத்தனையும் பட்டியலில் பெயர் இருந்தால்தான். அதனால் முதல் சுற்றைப் பெயர் சேர்க்கும் கடைசி நாளுக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். அந்தச் சுற்றில் வேறு எதுவும் பேச வேண்டாம், பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.