கனிம ஆய்வுத் துளையிடல்: இலங்கையின் வன்னிக் காட்டிலும் கிணற்றிலும் அதன் பாதிப்பை அளப்பது எப்படி?

ஆய்வுத் துளை கையகலம்தான். அதைப் போட வரும் மெசினுக்கோ பாதை வேண்டும், தண்ணீர் வேண்டும், துளையிலிருந்து வரும் சேற்றுநீரை விடச் சேற்றுக்குழி வேண்டும். பாதிப்பும் அவற்றோடுதான் வருகிறது. மெசின் வருமுன்னே அளக்கத் தொடங்குங்கள். இல்லாவிட்டால், கிணறு உவராகிவிட்டது என்று நீங்கள் சொல்லும்போது "முந்தியும் அப்படித்தான்" என்ற பதிலுக்கு மறுபேச்சுப் பேசமுடியாது.

1. வரைபடம்

துளைகளின் ஆள்கூறுகளைக் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். வரைபடத்தில் குளம், மோட்டை (காட்டுக்குள் நீர் தேங்கும் சிறு குட்டை), கிணறு, குழாய்க்கிணறு எல்லாவற்றையும் குறியுங்கள். காட்டுக்குள் போக, அந்தக் காட்டுக்குப் பொறுப்பான திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யாத இடத்தில் கால் வைக்கவே வேண்டாம்.

2. நிலம்

வவுனியாப் பக்கம் கடும்பாறை. தண்ணீர் வெடிப்புகளில் ஓடுவதால், பக்கத்துக் கிணறு தப்பி, அதே வெடிப்பில் உள்ள தூரத்துக் கிணறு வற்றலாம். மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் அழுக்கு பொந்துகள் வழியே விரைவாகப் பரவும். கொக்கிளாய் போன்ற மணற்கரையில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கிறது. அங்கே நன்னீர் மட்டம் 1 மீற்றர் நிலையாகத் தாழ்ந்தால், கீழே உவர்நீர் ஏறத்தாழ 40 மீற்றர் மேலெழக்கூடும். பயப்படவேண்டியது இதற்குத்தான்.

3. கிணறு

துளைக்கு அண்மையில் மூன்று கிணறு, அதே நில வகையில் 2 கிலோமீற்றருக்கு அப்பால் ஒப்பீட்டுக்கு ஒரு கிணறு. ஒப்பீட்டுக் கிணறு இல்லாவிட்டால், கோடையில் தானாக இறங்கும் மட்டத்தையும் துளையிடலின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். கிணற்றுக்கட்டில் பெயின்ற்றால் ஓர் அடையாளம் வைத்து, எப்போதும் அதிலிருந்தே அளவுநாடாவை இறக்குங்கள். விடியற்காலையில், மோட்டர் போடுமுன் அளக்கவேண்டும். இறைத்த பின் அளந்தால் ஊறிக்கொண்டிருக்கும் மட்டம்தான் கிடைக்கும். இரண்டு கிழமைக்கொரு தடவை, கோடையும் மாரியும் சேர ஒரு வருடம் அளப்பது நல்லது.

மட்டத்தோடு நீரின் உவர்ப்பையும் அளவுங்கள். அதைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியைச் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் நியமக் கரைசலில் சரிபார்த்துவிட்டுப் பாவியுங்கள். ஆய்வுகூட மாதிரிக்குப் போத்தலை அதே நீரால் மூன்றுமுறை அலசவேண்டும். உலோகச் சோதனைக்கு எடுக்கும் மாதிரியை வடிகட்டி நைத்திரிக்கமிலம் சேர்க்கவேண்டும். அமிலமிட்ட போத்தலை அலசக்கூடாது. புளோரைட்டுக்குப் பிளாஸ்ரிக் போத்தல்தான், கண்ணாடி உகந்ததல்ல. கடும்பாறைப் பகுதியில் புளோரைட்டு இயற்கையாகவே கூடியிருக்கலாம் (உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்). முன்னளவு எடுத்துவைத்தால் பழி இடம்மாறாது.

4. காட்டுயிர்

தானியங்கிக் கமராக்களை நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில், வடக்கு அல்லது தெற்கு நோக்கிக் கட்டுங்கள். கிழக்கும் மேற்கும் பார்த்தால் வெயில்பட்டு வெற்றுப்படங்கள் குவியும். முன்னால் ஆடும் புல்லை வெட்டிவிடுங்கள். துளையிடும் இடத்தருகே சில, 500 மீற்றரில் சில, 2 கிலோமீற்றரில் சில, குறைந்தது 30 இரவுகள். ஒரே இன விலங்கு அரைமணிக்குள் திரும்ப வந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள். கணக்கை 100 கமரா இரவுகளுக்கு இத்தனை என்று எழுதினால் ஒப்பிடலாம்.

பலரும் தவறும் இடம் பருவம். பாலைப்பழக் காலத்தில் கரடி பாலை மரங்களைத் தேடி வரும். அப்போது ஒருமுறையும், துளையிட்டபின் மாரியில் மறுமுறையும் எடுத்து, கரடி குறைந்துவிட்டதென்றால் அது பொய்க்கணக்கு. ஒரே பருவத்தை ஒரே பருவத்தோடு ஒப்பிடுங்கள்.

5. வேலை நடக்கையில்

மெசினுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதைத் தினமும் எழுதிவையுங்கள். மண் இறுகியிருக்கும் கோடையில்தான் துளையிட வசதி. யானையும் மரையும் எஞ்சிய ஒன்றிரண்டு மோட்டைகளை நம்பியிருப்பதும் அப்போதுதான். பவுசர் அங்கே குழாய் போட்டால் உடனே முறையிடுங்கள். சேற்றுக்குழிக்கு வேலி வேண்டும், ஒரு பக்கம் சரிவும் வேண்டும். செங்குத்தாக வெட்டிய குழியில் விழுந்த ஆமை ஏறமுடியாது. டீசல் பீப்பாக்களின்கீழ் கசிவைத் தாங்கும் தட்டு இருக்கிறதா பாருங்கள்.

6. மெசின் போனபின்

துளையைச் சீமெந்தும் பென்டனைற் களியும் கலந்த கூழால், அடிவரை விட்ட குழாய் வழியே கீழிருந்து மேலாக நிரப்பவேண்டும். மேலிருந்து கொட்டினால் இடையில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். அதன் வழியே மேல்நீரும் ஆழநீரும் கலக்கும். நிரப்பும்போது நேரில் நின்று படமெடுங்கள்.

பாதையை விட்டுவிடாதீர்கள். திறந்து கிடந்தால் முதிரை மரம் வெட்டுகிறவர்களும் கட்டுத்துவக்கு (விலங்கு தட்டினால் வெடிக்கும் பொறித்துவக்கு) வைப்பவர்களும் அதே வழியால் வருவார்கள். வாய்ப்பகுதியில் அகழி வெட்டி, மரக்குற்றி போட்டு மறிக்கச்செய்யுங்கள். அங்கே ஒரு கமராவை உயரத்தில் மறைவாகக் கட்டி, அடுத்த மாரி முடியும்வரை கிணற்று அளவையும் தொடருங்கள்.