மற்றக் காதைப் பார்த்து ஒரு காது

பிறவியிலேயே ஒரு காது வளராத பிள்ளைக்கு, சத்திரசிகிச்சை நிபுணர் விலா எலும்போடு ஒட்டியிருக்கும் குருத்தெலும்பைச் செதுக்கிப் புதுக்காது வைப்பதுண்டு. முந்தி எக்ஸ்ரே பிலிமை நல்ல காதில் வைத்துக் கோடு கீறி, அதையே அளவாக எடுப்பினம். அதில் உயரம், அகலம் வரும். பள்ளம் மேடு வராது. அந்தக் குறைக்குத்தான் என்ர கொக்குவில் வீட்டு அறையில் முப்பரிமாண மாதிரி செய்கிறேன்.

முதலில் நல்ல காதை முப்பரிமாண ஸ்கேன் எடுக்கோணும். மத்தியான வெயில் ஆகாது, நிழல் கறுப்பாய் விழும். பின்னேரம் விறாந்தையில் பிள்ளையைக் கதிரையில் இருத்தி, முடியை இழுத்துக் கட்டுங்கோ. காதின் பின்பக்கப் பள்ளம்தான் எப்பவும் தவறும். அதை இரண்டு தரம் சுத்தி எடுக்கோணும். (கையில் ஒரு நுங்கு குடுத்தால் பிள்ளை ஆடாது.)

பிறகு பிளெண்டர் எண்ட முப்பரிமாண மென்பொருளில் அந்த உருவை இடம்வலமாகப் புரட்டுங்கோ. புரட்டின கையோடு மேற்பரப்பு உள்வெளி மாறியிருக்கோ எண்டு பாருங்கோ. காலிப்பரால் நல்ல காதை அளந்து ஒப்பிடாமல் அச்சிடவே கூடாது.

செதுக்கின குருத்தெலும்புச் சட்டத்துக்கு மேல் தோல் மூடும். அதால் செதுக்கும் மாதிரியை 1–2 மில்லிமீற்றர் ஒடுக்கோணும். எவ்வளவு எண்டு நிபுணர் சொல்லட்டும். அடித்தட்டு, வெளிவிளிம்பு, உள்மடிப்பு எண்டு தனித்தனியாய் அச்சிட்டால் செதுக்க லேசு.

மாதிரி அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும். கிருமி நீக்க 121 பாகை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி கொல்லும் கருவி) போட்டால் காது அப்பளமாய் வளைஞ்சிடும். குறைவெப்ப முறையில் கிருமி நீக்க ஏலுமோ எண்டு ஒப்பரேசன் தியேட்டர்காரரிட்ட முன்கூட்டியே கேளுங்கோ.