உப்புநீர் மீன்தொட்டி: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

உப்புநீர் மீன்தொட்டி வைக்கும் புதியவர்களுக்கு உதவப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், நாங்களெல்லாம் தொடக்கத்தில் எங்கே சறுக்கினோமோ அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். தீனியை அள்ளிப் போடாதே, தொட்டியை வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"தண்ணீர் தெளிஞ்சிடுச்சு, மீன் விடலாம்"

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கு விஷம், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையிலும் மணலிலும் குடியேறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் விடுவதற்கு முன் கொஞ்சம் அம்மோனியா சேர்த்து, மறுநாளே அதுவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் காத்திருங்கள்.

ஆவியான தண்ணீருக்கு ஈடாக உப்புத் தண்ணீர் ஊற்றுவது

தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். சின்னத் தொட்டியில் தினமும்.

புது மீனை நேராகத் தொட்டியில் விடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தொட்டி, விளக்கு, பாறை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குபவர்கள், புது மீனைத் தனியாக வைக்க ஒரு சின்னத் தொட்டி வேண்டும் என்றால் மட்டும் "மீன் நல்லாத்தானே நீந்துது, அது எதுக்கு?" என்று கேட்கிறார்கள்.

நண்பர் ஒருவரின் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு இறாலும் சில நத்தைகளும் மாதக்கணக்கில் நன்றாக இருந்தன. அழகாக இருக்கிறதே என்று ஒரு கார்டினல் மீனை வாங்கிவந்து அன்றே உள்ளே விட்டார். சில நாளில் எல்லா மீனின் துடுப்பிலும் பொடி உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். பதறிப்போய்க் கூப்பிட்டார். நான் போவதற்குள் புள்ளிகள் மறைந்திருந்தன. "தீனியில பூண்டுச்சாறு கலந்து போட்டேன், சரியாயிடுச்சு" என்றார்.

சரியாகவில்லை. கிரிப்டோகேரியான் என்கிற இந்த ஒட்டுண்ணி மீனின் உடலில் சில நாட்கள்தான் இருக்கும். அப்புறம் தானாகவே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கூடு கட்டி, அதற்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே வந்து மறுபடியும் மீனைத் தேடும். புள்ளி மறைவது அது வளர்ந்து முடிந்ததால்தான், பூண்டால் அல்ல. இரண்டாவது முறை வந்தபோது செவுளையும் பிடித்துவிட்டது, மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறின. அந்த அவசரத்தில் நண்பர் செம்பு மருந்தைப் பெரிய தொட்டியிலேயே ஊற்றிவிட்டார். ஒட்டுண்ணிக்குச் செம்பு சரியான மருந்துதான், ஆனால் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம். போதாக்குறைக்குப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரில் மருந்தின் அளவு நிற்காது. மீனும் போனது, இறாலும் நத்தையும் போயின, கடைசியில் அந்தப் பாறையை நம்பி வேறு எதையும் விட முடியாமல் தூக்கி எறிந்தார்.

நோய் வந்துவிட்டால் எல்லா மீனையும் வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுக்க வேண்டும், டெஸ்ட் கிட் வைத்து அளவைப் பார்த்துக்கொண்டே. பெரிய தொட்டியில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. அந்தக் கூடுகள் 72 நாள் வரை கழித்துக்கூடப் பொரித்ததாக ஆய்வில் பதிவாகியிருக்கிறது, அதனால் 11 வாரமாவது காலியாக விடுங்கள். இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணி அவற்றின் உடலில் வளராது.

இவ்வளவையும் தவிர்க்க, புது மீனை 4 வாரம் தனியாக வைத்துப் பார்த்தால் போதும். மணல், பாறை எதுவும் வேண்டாம். ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு. அந்த ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் போட்டு வைத்தால் பாக்டீரியா ஏறியிருக்கும், ஆனாலும் அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள். வலை, வாளி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும், ஈரமான வலை ஒன்றே நோயைக் கடத்தப் போதும். நத்தை ஓட்டிலும் பவளத்தின் அடிக்கல்லிலும்கூடக் கூடுகள் ஒட்டி வரலாம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

கோமாளி மீனுக்குத் துணையாகக் கடல் சாமந்தி (அனிமோன்)

வேண்டாம். அது இல்லாமலேயே கோமாளி மீன் நன்றாக வாழும்.

மாண்டரின் மீன்

பாறையில் ஊரும் கோப்பிபாடு என்கிற நுண்ணிய உயிரிகளை நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கும் மீன் இது. சின்னப் புதுத் தொட்டியில் அவை சீக்கிரம் தீர்ந்துபோகும். பெரும்பாலான மாண்டரின்கள் உலர்தீனியைத் தொடாமல் மெலிந்து சாகின்றன, அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

முதல் மீனாக டாம்செல்

எதையும் தாங்கும் மீன் என்று சொல்லிக் கடையில் தருவார்கள். தாங்கும்தான். ஆனால் முதலில் வந்தது தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொண்டு, பின்னால் வரும் சாதுவான மீன்களை விரட்டி விரட்டிக் கடிக்கும். சண்டைக்கார மீனைக் கடைசியில்தான் விட வேண்டும். முன்பே விட்டுவிட்டீர்கள் என்றால், அதைப் பிடிக்கப் பாறை முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.