கொரோனா அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கு: எந்தப் பெயரை எங்கே போடுவது

நம் ராமநாதபுரம் கரையோர ஊர்களில் ஊராட்சிப் பலகை, பள்ளிவாசல் மைக், மாதா கோயில் ஒலிபெருக்கி, மீன் ஏலக்கூடத்துச் சுவர் என்று எங்காவது கொரோனா பற்றிச் சொல்லும் வேலை இன்னும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் முடித்துவைத்தது அவசரநிலையை மட்டுமே. கிருமி இருக்கிறது. ஆகவே பெயர்களைச் சரியாகப் பிடித்துக்கொள்வது நல்லது.

கிருமியின் பெயர் சார்ஸ்-கோவ்-2. அது உண்டாக்கும் நோயின் பெயர் கோவிட்-19. எச்.ஐ.வி. கிருமி, எய்ட்ஸ் நோய் என்று பிரித்துச் சொல்கிறோமே, அதே முறைதான். கொரோனா என்பது ஒரு பெரிய வைரஸ் குடும்பத்தின் பெயர். உருப்பெருக்கியில் பார்த்தபோது உடலைச் சுற்றி முள்முள்ளாக மகுடம் போலத் தெரிந்ததால், மகுடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை 1968இல் வைத்தார்கள். சாதாரண சளி பிடிக்க வைக்கும் சில வைரஸ்களும் இதே குடும்பம். கோவிட்-19 என்ற பெயர் 2020 பிப்ரவரி 11 அன்று அறிவிக்கப்பட்டது: 'கோ' கொரோனாவுக்கு, 'வி' வைரஸுக்கு, கடைசி எழுத்து நோய்க்கு, 19 என்பது நோய் வெளிப்பட்ட 2019ஆம் ஆண்டுக்கு. 'பத்தொன்பதாவது கிருமி' என்று விளக்கம் சொல்லிவிடாதீர்கள். 2020இல் வந்தவருக்கும் 2024இல் வந்தவருக்கும் அது கோவிட்-19தான்.

எங்கே எதைப் போடுவது? காகிதத்தில் கோவிட்-19, காதுக்குக் கொரோனா. விடுப்புக் கடிதம், மருத்துவச் சான்று, காப்பீட்டு விண்ணப்பம் ஆகியவற்றில் நோயின் முழுப்பெயர் இருக்க வேண்டும். பரிசோதனையில் உறுதியானால் அதற்கான சர்வதேச நோய்க்குறியீடு யு07.1, அறிகுறி பார்த்து மருத்துவர் முடிவு செய்தது, பரிசோதனையில் உறுதியாகவில்லை என்றால் யு07.2. மைக்கில் மட்டும் 'கோவிட்' வேண்டாம். கடற்காற்றில் கடைசி எழுத்து அடிபட்டுப் போகும்; 'கோவிட் முகாம்' என்றது 'கோவில் முகாம்' என்று காதில் விழும். கோவில் ஊர்களான ராமேஸ்வரத்திலும் தேவிபட்டினத்திலும் அது முழுக்க வேறு செய்தி. 'கொரோனா' மூன்று எழுத்தும் தெளிவாக விழும். கொரோனா, கரோனா இரண்டு எழுத்துமுறையும் வழக்கில் உண்டு. ஒரு தாளில் ஒன்றையே வையுங்கள். அக்கரையில், இலங்கைச் செய்திகளில், 'கொவிட்' என்று குறிலில் எழுதுவார்கள். அதுவும் பிழையில்லை.

இந்தக் கரையில் உண்மையான சிக்கல் நோயின் பெயரில் இல்லை, அதோடு ஒட்டி வந்த சொற்களில் இருக்கிறது. நம் ஊரில் அவற்றுக்கு ஏற்கெனவே வேறு பொருள் உண்டு. 'தடைக்காலம்' என்றால் இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைதான். கொரோனாக் கட்டுப்பாட்டை அந்தச் சொல்லால் எழுதினால் படகு இறக்கலாமா, கூடாதா என்ற கேள்விதான் முதலில் கிளம்பும். 'ஊரடங்கு', 'கட்டுப்பாடு' என்று எழுதுங்கள். 'மூன்றாம் அலை எச்சரிக்கை' என்று தலைப்பு வைக்கவே வைக்காதீர்கள். சுனாமி பார்த்த கரை இது. 'கொரோனா மறுபடி கூடுகிறது' என்றால் போதும். 'டெல்டாவில் பரவல்' என்றால் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் என்றுதான் நினைப்பார்கள். 'டெல்டா வகைக் கொரோனா' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். 'டோக்கன்' கடலுக்குப் போக வாங்குவது. ஆகவே 'ஊசி டோக்கன்' என்று சேர்த்தே சொல்லுங்கள்.

'பாசிட்டிவ்' என்ற சொல்லால் நேரும் குழப்பம் ஆபத்தானது. நல்லது என்று எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுபவர் உண்டு. 'கொரோனா இருக்கிறது', 'கொரோனா இல்லை' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லை இரண்டு காரியத்துக்கும் போடுகிறோம். நோய் வந்தவரைத் தனி அறையில் வைப்பது ஒன்று. நோயாளியோடு இருந்தவரை, அறிகுறி இல்லாதபோதும், வருகிறதா என்று பார்க்கத் தனியே வைப்பது மற்றொன்று, அதுதான் குவாரன்டைன். பெரியவர்களுக்கு விளக்க மண்டபம் கேம்பைச் சொல்லுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைக் கப்பலேற்றும் முன் அங்கே நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். நிறுத்திவைக்கப்பட்டவர் எல்லாரும் நோயாளி இல்லை என்பது உடனே விளங்கும்.

'சமூக விலகல்' என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். தீண்டாமையின் காயம் ஆறாத நாட்டில் அந்தச் சொல் தவறான இடத்தில் போய் உட்காரும். 'தனிநபர் இடைவெளி' போதும். நாட்டின் பெயர், ஊரின் பெயர், தெருவின் பெயர் எதையும் நோயோடு ஒட்டாதீர்கள். நோய்களுக்கு இடத்தின் பெயரோ ஆளின் பெயரோ வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே நெறிமுறை வகுத்தது. வைரஸ் வகைகளுக்கு 2021 மே 31 முதல் கிரேக்க எழுத்துகளை வைத்ததற்கும் இதுவே காரணம். 'கொரோனா வந்த வீடு' என்று மைக்கில் ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் காய்ச்சலை மறைப்பார். பரிசோதனைக்கு ஆள் வராது.

மைக்கில் வாசிக்க ஒரு மாதிரி:

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு சமுதாயக் கூடத்துல கொரோனா பரிசோதனை இருக்கு. காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் இருக்கிறவங்க வாங்க. காசு கிடையாது. முகக்கவசம் போட்டுட்டு வாங்க. மூச்சுவிடக் கஷ்டமா இருந்தா நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே 108க்குப் போன் பண்ணுங்க. சந்தேகம் கேக்க 104."

ஒரு மூச்சில் ஒரு வாக்கியம், இடையில் சற்று நிறுத்தம். மாலையில் ஒருமுறை சொன்னால் போதாது. கடலில் தங்கி வரும் விசைப்படகுகள் கரை சேரும் காலையில் இறங்குதளத்தில் மறுபடி சொல்லுங்கள். ஒட்டும் தாளாக இருந்தால் மேலே தேதியைப் பெரிதாகப் போடுங்கள், முகாம் முடிந்த அன்றே கிழித்துவிடுங்கள். தேதியில்லாத பழைய கொரோனாத் தாளைப் பார்த்து மறுபடி ஊரடங்கு என்று பேச்சு கிளம்பினால், ஏலக்கூடத்தில் அன்றைய மீன் விலையே ஆட்டம் காணும்.