நெல்லைச் சீமையில் போலீஸ் படத்தின் அடுத்த பாகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த பாகம் என்றதும் பலரும் செய்யும் முதல் தவறு, வில்லனைத் தூர தேசத்துக்குக் கொண்டுபோவது. ‘சிங்கம்’ வரிசையையே பாருங்கள். 2010இல் வந்த முதல் பாகத்தில் மோதல் எங்கிருந்து கிளம்புகிறது? நிபந்தனை ஜாமீனில் வந்த வில்லன் நல்லூர் காவல் நிலையத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தனக்குப் பதிலாக ஆள் அனுப்புகிறான். அங்கே உதவி ஆய்வாளராக இருக்கும் நாயகன் துரைசிங்கம் ஏற்க மறுக்கிறார். சென்னையை ஆட்டிப் படைக்கிறவன் ஒரு சிற்றூர் ஸ்டேஷன் படியேற நேர்ந்த அவமானம்தான் மீதிக் கதையை இழுத்துச் செல்கிறது. 2013இல் வந்த இரண்டாம் பாகம் போதைப்பொருள் கடத்தலைப் பேசியபோதும் தூத்துக்குடிக் கடற்கரையில் கால் ஊன்றி நின்றது. 2017இல் மூன்றாம் பாகம் விசாகப்பட்டினம், ஆஸ்திரேலியா என்று போய்விட்டது. எதிரி பெரிய ஆளாகிவிட்டான்; ஆனால் அவனால் நம் ஊரில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்ற பதைப்பு குறைந்துபோனது.

எல்லை தெரியாமல் எழுதுவது அடுத்தது. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாகிவிட்டன. குற்றாலத்தில் நடக்கும் கொலையைத் திருநெல்வேலி எஸ்.பி. விசாரிப்பதாக இன்றைய கதையில் எழுத முடியாது. நெல்லை மாநகரத்துக்குள் ஆணையர், உதவி ஆணையர்; வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கம் எஸ்.பி., டி.எஸ்.பி. ஒரு வழக்கு இந்த எல்லையைத் தாண்டும்போது அதிகாரிகளுக்குள் வரும் உரசலே நல்ல காட்சியாகும்.

வசனத்துக்கு வசனம் ‘ஏலே’ போட்டால் நெல்லை வந்துவிடாது. கடைக்காரரை அண்ணாச்சி என்றும் தலைமைக் காவலரை ஏட்டையா என்றும் மரியாதையோடு அழைக்கும் ஊர் இது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, காவல் நிலையத்துக்குள் விழும் அடியைக் கைதட்டலுக்காக எழுதுவது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்தும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் போலீஸ் அடியால் உயிரிழந்தார்கள். ‘சாமி’, ‘சிங்கம்’ படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி 5 படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அப்போது அறிக்கை வெளியிட்டார். அதே மண்ணின் மைந்தர் அவர். அந்த அறிக்கைக்குப் பிறகும் லாக்கப்பில் லத்தி சுழற்றும் நாயகனைப் பழையபடியே எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் தாக்கப்பட்ட இரவில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அச்சத்துக்கு நடுவிலும் விசாரணைக்கு வந்த நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சாட்சியமாகச் சொன்னார். சக காவலர்களுக்கு எதிராக வாய் திறப்பதற்கு, பத்துப் பேரை அடித்து வீழ்த்துவதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும். நாயகனுக்கும் நாயகிக்கும் உரிய வீரத்தை அங்கே தேடுங்கள்.

சட்டம் நாயகனின் கையைக் கட்டுகிறது, கதை விறுவிறுப்பாக இருக்காது என்பார்கள். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்; மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும்; உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை, பொழுது விடிந்தால் நீதிமன்றம், வாசலில் வில்லனின் வக்கீல் என்று வைத்து எழுதிப் பாருங்கள். இடைவேளை வரை அந்த ஓர் இரவே தாங்கும்.