கடல் இல்லாத ஊரில் உப்புக் கணக்கு: குள ஆய்வில் நடக்கும் தவறுகள்

பூம்புகார்ப் பக்கம் கழிமுகத்தில் உப்பு அளக்கிறவர், அளவோடு கூடவே அது ஓதம் ஏறிய நேரமா வடிந்த நேரமா என்றும் எழுதிவைப்பார். நேரம் குறிக்காத அளவை அங்கே யாரும் சீந்துவதில்லை. கொங்கு நாட்டில் கடல் இல்லை, உப்பு மட்டும் இருக்கிறது. துணியில் சாயம் ஏறுவதற்காகப் சாயப்பட்டறைகள் போட்ட உப்பும் சோடியம் சல்பேட்டும் நொய்யல் ஆற்றில் இறங்கின. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது ஊரறிந்த கதை. இருந்தும் நம் குள அறிக்கைகளில் பாதிக்கு மேல் தேதி இருக்கும், மணி இருக்காது.

முதல் கோளாறு கையில் இருக்கும் டிடிஎஸ் பேனாவிலேயே, அதாவது நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் கைக்கருவியிலேயே, தொடங்குகிறது. அது உப்பை அளப்பதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்த எண் ஒரு பேனாவில் 0.5, இன்னொன்றில் 0.7. மின்கடத்து திறன் 3,000 மைக்ரோசீமென்ஸ் உள்ள ஒரே வாளித் தண்ணீருக்கு ஒன்று 1,500 என்னும், மற்றது 2,100 என்னும். போன வருடம் ஒரு பேனா, இந்த வருடம் வேறு பேனா என்றால் குளம் 'திருந்திவிட்டது' என்று அறிக்கை வந்துவிடும்! மின்கடத்து திறனையே 25 டிகிரிக்குச் சரிசெய்து எழுதுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாசன நீருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பான 2,250-உம் அதே அலகில்தான் இருக்கிறது. கிளம்பும் முன், மின்கடத்து திறன் 1,413 மைக்ரோசீமென்ஸ் என்று தெரிந்த நிலைக்கரைசலில் பேனாவைச் சரிபாருங்கள். நனைத்த கரைசலைத் திரும்பப் புட்டியில் ஊற்றினால் மொத்தப் புட்டியும் வீண்.

அடுத்தது ஆக்ஸிஜன். பாசி பச்சைப் பசேலென்று நிற்கும் குளத்தில் மதியம் இரண்டு மணிக்கு அளந்தால் லிட்டருக்கு 12 மில்லிகிராம்கூட வரும். வெயிலில் பாசி விடும் மூச்சு அது. இரவெல்லாம் அதே பாசி ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ள, விடிவதற்குள் 2-க்கும் கீழே போய், மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். மீனுக்கு 4-ஆவது வேண்டும். ஆகவே வெள்ளென, சூரியன் கிளம்பும் முன் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை என்று இரண்டும் வேண்டும். ரசாயனம் சேர்த்து ஆக்ஸிஜனை அளக்கும் வின்க்லர் முறை என்றால் புட்டியில் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் கரையிலேயே விடவேண்டும். பழுப்பாகத் திரிந்தால் ஆக்ஸிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஆய்வகம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று புட்டியைப் பையில் போட்டால் ஆய்வகம் போய்ச் சேருவது வேறு தண்ணீர். பிஓடி (நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன்) மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அங்கே மாதிரியை வைத்து அளந்தது 27 டிகிரியில் 3 நாளா, 20 டிகிரியில் 5 நாளா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காவிட்டால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது.

படித்துறையில் மட்டும் மொண்டு வருவதும் வழக்கமாகிவிட்டது. வாய்க்கால் வந்து சேரும் இடம், நடுக்குளம், மதகடி, உபரிநீர் வழியும் கலிங்கு என நாலு இடமாவது வேண்டும். உப்புத் தண்ணீர் கனம் அதிகம். காற்றில்லாத நாளில் மதகடி ஆழத்தில் தங்கிவிடும், மேலே மொண்டால் தெரியாது. கோடைக்குப் பின் வரும் முதல் மழையையும் விடக்கூடாது. வாய்க்காலில் காய்ந்து கிடந்த அழுக்கெல்லாம் அன்றைக்குத்தான் இறங்கும்.

திட்டம் போடும்போது நடக்கும் பெரிய தவறு, குளத்தைக் கிண்ணம் மாதிரி ஒரே ஆழமாகத் தோண்டுவது. கொள்ளளவு கூடும்தான். ஆனால் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மட்டுமே மிஞ்சும். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்த திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குப் பறவை வருவதற்குச் சேற்றுத் திட்டுகளும் ஒரு காரணம். கரையோரம் ஒரு பக்கமாவது, பத்தடி போனால் ஓரடி இறங்குகிற சரிவை விட்டுவையுங்கள். சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டு, இரவெல்லாம் விளக்கெரித்தால் அது பூங்கா, பறவைக்கான இடம் இல்லை. சீமைக்கருவேலத்தை அகற்றுவதானாலும் கூடு இருக்கும் மாதங்களில் வேண்டாம்.

பறவைக் கணக்கில் நீர்மட்டத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். தளும்பி நிற்கிற ஜனவரியில் உள்ளான் குறைவாகவே தெரியும். அதைப் பார்த்துக் குளம் கெட்டதென்று முடிவு கட்டக்கூடாது. மதகுச் சுவரில் அளவுகோல் வரைய ஒரு டப்பா பெயிண்ட் போதும்.

ஆகாயத்தாமரையை அள்ளிக் கரைமேலேயே குவிப்பதும் உண்டு. அது அங்கேயே அழுகி, அடுத்த மழையில் சாறெல்லாம் குளத்துக்கே திரும்பி, மறுபடி ஆகாயத்தாமரைக்கே உரமாகும். அள்ளிய வாரத்துக்குள், தண்ணீர் குளத்தை நோக்கி ஓடாத பக்கம் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். டிராக்டர் வாடகையை ஆரம்ப மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.